இன்சுலின், பேனா ஊசி, ஸ்ட்ரிப்: செல்போனில் வரும் சீட்டுக்கு ஏற்காட்டுக்கு மருந்து அனுப்பலாமா?

அடிவாரத்தான்:

வணக்கம்ங்க. கோரிமேடு பக்கம் சில்லறை மருந்துக்கடை. சில்லறை மருந்து விற்பனைக்கான ஃபார்ம் 20, 21 ரெண்டு லைசென்ஸும் இருக்கு, முழுநேர மருந்தாளுநர் இருக்கார். ஏற்காடு, நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி பக்கத்து சுகர்காரங்க நிறையப் பேர் இப்போ சேலத்து டாக்டரை வீடியோவிலேயே பார்த்துட்டு, சீட்டை செல்போனில் அனுப்பி "மருந்தை மேலே அனுப்பிடுங்க" என்கிறாங்க. சீட்டு மூணு தினுசா வருது.

ஒண்ணு, டாக்டர் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டின் போட்டோ. ரெண்டாவது, கிளினிக் சாஃப்ட்வேரில் இருந்து வரும் பிடிஎஃப். அதில் கீழே டாக்டர் பேர் டைப் பண்ணியிருக்கும், சிலதில் கையெழுத்துப் படம் ஒட்டியிருக்கும். மூணாவது, வெறும் மெசேஜ்: "பழைய மருந்தே தொடரவும்".

கேட்க வேண்டியது இதுதான்:

எதை வாங்கலாம், எதைத் திருப்பணும்? ஒரே பிடிஎஃப்புக்கு எத்தனை மாசம் கொடுக்கலாம்? ஸ்ட்ரிப் (சர்க்கரை சோதிக்கிற பட்டை), லான்செட் (ரத்தம் எடுக்க விரலில் குத்துற ஊசி), பேனா ஊசிக்கும் சீட்டு வேணுமா? கடைப் பையன் வண்டியில் மேலே கொண்டுபோய்க் கொடுத்தால் பிரச்சினை வருமா?

கடைசியா, நேற்று வந்த சீட்டு ஒண்ணை அப்படியே எழுதறேன். இதுக்கு நீங்க என்ன எடுத்துக் கொடுப்பீங்க?

"இன்சுலின் 30/70, 16-0-10, 1 மாதம். நீடில் 1. ஸ்ட்ரிப் 1."


ஃபார்ம் இருபத்தொன்று:

முதலில் ஒரு விஷயத்தைப் பிரிச்சுக்கோங்க. இன்சுலின் மருந்து. ஸ்ட்ரிப், லான்செட், ஊசி எல்லாம் மருத்துவச் சாதனம். ரெண்டுக்கும் ஒரே சட்டம் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்சுலின், மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள் விதிகள் 1945-இல் அட்டவணை சி-யில் வருது. அதனால்தான் அதை விற்க ஃபார்ம் 21 வேணும். 20 மட்டும் போதாது. மலையில் சில ஊர்களில் 20ஏ, 21ஏ என்ற கட்டுப்படுத்தப்பட்ட லைசென்ஸ் கடைகள் இருக்கும். அங்கே மருந்தாளுநர் இருக்க மாட்டார், ஆகவே சீட்டு மருந்து எதையும் அங்கே கொடுத்து வைத்து வினியோகிக்கச் சொல்லாதீங்க. "பார்சலை அந்த மளிகைக்கடையில் வச்சிடுங்க, வாங்கிக்கிறோம்" என்பதும் அதே கணக்குதான்.

சீட்டு எப்படி இருக்கணும் என்பதை விதி 65(10) சொல்லுது. எழுத்தில் இருக்கணும், எழுதியவர் வழக்கமான கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கணும், நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்கணும், கொடுக்க வேண்டிய மொத்த அளவும் எடுத்துக்கொள்ள வேண்டிய டோஸும் இருக்கணும். இந்த "மொத்த அளவு" என்ற சொல்லை அடிக்கோடு போட்டுக்கோங்க. நீங்க எழுதின சீட்டில் அதுதான் இல்லை. முகவரியும் பாதிச் சீட்டில் இருக்காது. "ஏற்காடு" என்று மட்டும் போட்டிருப்பாங்க.

மின்னணுச் சீட்டு செல்லுமா என்றால், செல்லும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் பிரிவு 4, எழுத்தில் இருக்கணும் என்ற நிபந்தனையை மின்னணுப் பதிவால் நிறைவேற்றலாம் என்கிறது. பிரிவு 5, கையெழுத்துக்குப் பதிலா மின்னணுக் கையொப்பத்தை ஏற்கிறது. 2020 மார்ச் 25-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல், கையெழுத்திட்ட சீட்டின் போட்டோ, ஸ்கேன், டிஜிட்டல் பிரதி அல்லது மின்சீட்டு எதையும் மின்னஞ்சலிலோ மெசேஜ் வழியாகவோ டாக்டர் நோயாளிக்கு அனுப்பலாம் என்று சொல்லுது. டாக்டரின் பதிவு எண் சீட்டில் இருந்தாகணும்.

ஆக உங்க மூணு தினுசில், முதலாவது சரி. ரெண்டாவது, உண்மையான மின்னணுக் கையொப்பம் இருந்தால் சரி. பேரை டைப் பண்ணி விட்டிருந்தால் அது கையெழுத்து இல்லை. ஒட்டின படமும் தனியா நின்றால் பலவீனம்தான். மூணாவது சீட்டே இல்லை, திருப்பிடுங்க.

எத்தனை தடவை கொடுக்கலாம்? விதி 65(11): மறுபடி கொடுக்கலாம் என்று டாக்டரே எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு தடவைதான். "மூன்று முறை, 30 நாளுக்கு ஒருமுறை" என்று இருந்தால் அப்படியே. கொடுக்கும்போது சீட்டிலேயே, டாக்டர் கையெழுத்துக்கு மேலே, கடைப் பேர், முகவரி, தேதி குறிக்கணும். காகிதத்தில் இது தானா நடக்கும், சீல் குத்துவோம். பிடிஎஃப்பில்தான் ஓட்டை: நீங்க பிரிண்ட் எடுத்துச் சீல் குத்தினாலும், நோயாளி செல்போனில் இருக்கும் மூலம் சுத்தமா இருக்கும், அதே பிடிஎஃப் அஸ்தம்பட்டிக் கடைக்கும் ஐந்து ரோட்டுக் கடைக்கும் போகலாம். அதற்கு ஒரே வழி, பிரிண்டில் சீல் குத்தி அதைப் போட்டோ எடுத்து நோயாளிக்கு, முடிந்தால் கிளினிக்குக்கும் திருப்பி அனுப்புவது. பிரிண்டை பில் நகலோடு கோத்து வச்சுடுங்க. பதிவேடுகளைக் கடைசிப் பதிவிலிருந்து 2 வருஷமாவது வைத்திருக்கணும்.

வீட்டு வாசலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது: 2020 மார்ச் 26-இல் மத்திய அரசு கொண்டுவந்த அறிவிக்கை ஜிஎஸ்ஆர் 220(இ). கொரோனா நேரத்தில் வந்தது. சில்லறை லைசென்ஸ்காரர் அட்டவணை எச் (சீட்டுக்கு மட்டும் விற்கிற மருந்துகள்) உட்பட மருந்தை வீட்டுக்குக் கொடுக்கலாம் என்கிறது. எச்1, எக்ஸ், போதை வகை மருந்துகள் இதில் வராது. நிபந்தனைகள்தான் முக்கியம். சீட்டு நேரில் வரணும், இல்லை மின்னஞ்சலில் வரணும். அந்த மின்னஞ்சல் முகவரியை லைசென்ஸ் அதிகாரியிடம் பதிவு பண்ணியிருக்கணும். நாள்பட்ட நோய் என்றால் சீட்டு எழுதின 30 நாளுக்குள், திடீர் நோய் என்றால் 7 நாளுக்குள் கடைக்கு வந்திருக்கணும். கடை இருக்கும் அதே வருவாய் மாவட்டத்துக்குள்தான் கொடுக்கணும்.

உங்களுக்கு இதில் அதிர்ஷ்டம். ஏற்காடு சேலம் மாவட்டத்துத் தாலுகா, மலை முழுக்க ஏறலாம். ஆனா சேர்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கி பொம்மிடி, பாப்பிரெட்டிப்பட்டி போனால் அது தருமபுரி மாவட்டம். இந்தப் பக்கம் ராசிபுரம் போனால் நாமக்கல். வண்டி அங்கே போகக் கூடாது. ஆத்தூர், மேட்டூர், ஏன் கருமந்துறை வரைக்கும்கூட சேலம்தான்.

மருந்து வணிகர் சங்கங்கள் இந்த அறிவிக்கையைத் திரும்பப் பெறணும் என்று கேட்டுக்கிட்டே இருக்காங்க. அதனால் வண்டி வாங்கறதுக்கு முன்னாடி மருந்துகள் ஆய்வாளர் அலுவலகத்தில் மின்னஞ்சல் பதிவுக் கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கிடுங்க.


செவ்வாய்ப்பேட்டை சந்து:

அண்ணா, மேலே சொன்னதெல்லாம் புத்தகத்துக்குச் சரி. ஆனா ஊர் உலகத்தில் வாட்ஸ்அப் போட்டோவைப் பார்த்துத்தானே எல்லாக் கடையும் கொடுக்குது? பெரிய பெரிய ஆன்லைன் கம்பெனியே வீட்டுக்கு அனுப்பறான். சின்னக் கடைக்கு மட்டும் ஏன் இத்தனை?


ஃபார்ம் இருபத்தொன்று:

ஆன்லைன் விற்பனைக்கு 2018 ஆகஸ்டில் வரைவு விதி வந்தது, இறுதி வடிவம் வரலை. அதே வருஷம் டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டார். 2019 ஜனவரியில் டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்தி வச்சுது. அவங்க வண்டி அந்த இடைவெளியில் ஓடுது தம்பி. கவுன்டர் கடைக்கு லைசென்ஸ் சுவரில் தொங்குது, ஆய்வாளர் வந்தால் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்.

வாட்ஸ்அப்பில் வந்ததையே மின்னஞ்சலுக்கு ஒரு தடவை தள்ளிவிடச் சொல்றதில் நோயாளிக்கு அரை நிமிஷம்கூட ஆகாது. வாட்ஸ்அப் போட்டோ அமுக்கப்பட்டு வருது, 16-க்கும் 18-க்கும் வித்தியாசம் தெரியாமப் போறதும் உண்டு. அதுக்காகவாவது மின்னஞ்சல் நல்லது.


சுகர் சிஸ்டர்:

சட்டம் பேசியாச்சு. "இன்சுலின் 30/70, 16-0-10" என்ற சீட்டை நான் தொடவே மாட்டேன். காரணம் கையெழுத்து அல்ல, அதில் எந்த மருந்து என்பதே இல்லை.

30/70 மனித இன்சுலினா, அனலாக் (மாற்றியமைத்த இன்சுலின்) மிக்ஸா? ஹியூமன் மிக்ஸ்டார்ட் 30, ஹியூமின்சுலின் 30/70 இவை மனித இன்சுலின், சாப்பாட்டுக்கு சுமார் அரைமணி முன்னாடி போடறது. நோவோமிக்ஸ் 30 அனலாக், சாப்பிட உட்காரும்போது போடறது. பேரில் "30" ரெண்டிலும் இருக்கு. அனலாக்கைப் போட்டுட்டு அரைமணி சாப்பாட்டுக்குக் காத்திருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். தனியா இருக்கும் வயசானவங்களுக்கு மலையில் ராத்திரி இது நடந்தா கீழே கொண்டுவர இருபது கொண்டை ஊசி வளைவு.

அடுத்தது குப்பியா, கார்ட்ரிட்ஜா. நம்ம ஊரில் வழக்கமான மனித இன்சுலின் குப்பி மில்லிக்கு 40 யூனிட். 10 மில்லி, மொத்தம் 400 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். 3 மில்லி, மொத்தம் 300. அனலாக் குப்பிகள் சில 100 யூனிட் பலத்திலேயே வருது. சிரிஞ்சும் ரெண்டு வகை: 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. மாத்திக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பாருங்க. 100 யூனிட் இன்சுலினை சிவப்பு மூடி சிரிஞ்சில் 16 கோடு வரை இழுத்தால் 0.4 மில்லி, உள்ளே போறது 40 யூனிட். ரெண்டரை மடங்கு. தலைகீழா, 40 யூனிட் இன்சுலினை ஆரஞ்சு சிரிஞ்சில் 16 கோடு இழுத்தால் 6.4 யூனிட்தான் போகும். சர்க்கரை ஏறிக்கிட்டே இருக்கும், டாக்டர் டோஸை ஏத்திக்கிட்டே போவார், ஒருநாள் யாராவது சரியான சிரிஞ்சைக் கொடுத்திடுவாங்க. அன்னைக்குத்தான் ஆபத்து.

அதனால் சிரிஞ்சுக்குச் சீட்டு தேவையா என்ற கேள்விக்கு: சட்டப்படி ஸ்ட்ரிப், லான்செட், சிரிஞ்ச், பேனா ஊசி எதுக்கும் மருந்துச்சீட்டு கட்டாயமில்லை, கவுன்டரிலேயே கொடுக்கலாம். ஆனா சிரிஞ்ச் கேட்டு வந்தால் "என்ன இன்சுலின், குப்பியைக் காட்டுங்க" என்று கேட்காமக் கொடுக்கக் கூடாது. மேலே அனுப்பறதா இருந்தா குப்பியின் லேபிளைப் போட்டோ அனுப்பச் சொல்லுங்க.

பேனா என்றால் பேனாவின் பேரும் வேணும். நோவோபென்னில் நோவோ கார்ட்ரிட்ஜ்தான் உட்காரும், ஹியூமாபென்னில் லில்லி கார்ட்ரிட்ஜ், ஆல்ஸ்டாரில் சனோஃபி. மாத்தி அனுப்பினால் அது உட்காராது, நோயாளி என்ன பண்ணுவாங்க தெரியுமா? கார்ட்ரிட்ஜில் சிரிஞ்சை விட்டு இழுப்பாங்க. கையில் இருக்கிறது சிவப்பு மூடி சிரிஞ்ச். மேலே சொன்ன ரெண்டரை மடங்குக்கு அதுவே நேர்வழி. அதுக்குத்தான் விதியிலும் எழுதினதுக்குப் பதில் வேற மருந்து கொடுக்கக் கூடாதுன்னு இருக்கு. கம்பெனி மாத்தணும்னா டாக்டருக்கு ஒரு போன்.

இப்போ அளவு. பேனா என்றே வச்சுக்குவோம். 16 + 10 = 26 யூனிட். ஒவ்வொரு தடவையும் ஊசி மாட்டினதும் காற்றுப் போக 2 யூனிட் தள்ளிப் பார்க்கணும், ரெண்டு வேளைக்கு 4. ஆக ஒரு நாளைக்கு 30. ஒரு கார்ட்ரிட்ஜ் சரியா 10 நாள். மாசத்துக்கு 3 கார்ட்ரிட்ஜ், ஒரு யூனிட்கூட மிச்சமில்லை. டாக்டர் வீடியோவில் "ராத்திரி 2 ஏத்திக்கோங்க" என்று சொன்னால் 32 ஆயிடும், 960 யூனிட், நாலாவது கார்ட்ரிட்ஜ் வேணும். மலைக்கு அனுப்பும்போது கணக்கு இப்படி விளிம்பில் நிற்கிறதைப் பார்த்தால் டாக்டரிடம் பேசி 4 என்று சீட்டில் எழுத வைங்க. நீங்களா கூட்டிக் கொடுக்காதீங்க.

குப்பி என்றால்: 26 × 30 = 780. ரெண்டு குப்பி 800. காகிதத்தில் போதும், கையில் போதாது. குமிழி தட்டறதில், சிரிஞ்ச் கழுத்தில் தங்கறதில் அந்த 20 யூனிட் போயிடும். 3 குப்பி என்று சீட்டில் எழுத வைங்க.

பேனா ஊசி 60. சீட்டில் "நீடில் 1" என்றால் ஒண்ணா, ஒரு பெட்டியா? நீளமும் வேணும். 4 மில்லிமீட்டர் 32 கேஜ் பெரும்பாலான பெரியவங்களுக்குப் போதும், உடம்பு பெருத்தவங்களுக்கும் போதும். பழக்கத்தில் 8 மில்லிமீட்டர் வாங்கறவங்களுக்கு நீங்களா 4 கொடுத்துட்டு வராதீங்க. தோலைக் கிள்ளிப் பிடிக்கிற முறை மாறுது, சொல்லிக்கொடுத்துட்டு மாத்தணும்.

ஸ்ட்ரிப்தான் மாசாமாசம் தகராறு. மீட்டர் மாடல் இல்லாம எழுதின "ஸ்ட்ரிப் 1" வெத்துத்தாள். அக்யூசெக் ஆக்டிவ் ஸ்ட்ரிப் அக்யூசெக் இன்ஸ்டன்ட் மீட்டரில் போகாது, ஒரே கம்பெனி என்றாலும். டப்பாவைத் திறந்துட்டால் திரும்ப எடுக்க முடியாது. எண்ணிக்கையும் பாருங்க: வாரம் மூணு நாள், நாளைக்கு ரெண்டு தடவை என்றால் வாரத்துக்கு 6, மாசத்துக்கு 26. 25 ஸ்ட்ரிப் உள்ள டப்பா வாங்கினால் ஒண்ணு இடிக்கும், ரத்தம் பத்தாம வீணாப் போற ரெண்டு மூணு வேற. 50 டப்பா ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் குறைய வரும். திறந்த தேதியை டப்பாவில் எழுதச் சொல்லுங்க, சில ஸ்ட்ரிப்புக்குத் திறந்த பிறகு எத்தனை மாசம் என்று லேபிளில் போட்டிருக்கும், அப்படி இருந்தால் அதையும் பார்க்கணும்.


கோடு போடுறவன்:

கிளினிக் சாஃப்ட்வேர் பக்கத்தில் இருந்து சொல்றேன். "16-0-10", "நீடில் 1" எல்லாம் டாக்டர் சோம்பலால் வர்றதில்லை. அந்தத் திரை மாத்திரைக்காகச் செஞ்சது. காலை-மதியம்-இரவு மூணு கட்டம், பக்கத்தில் எண்ணிக்கைக் கட்டம். சில திரையில் அளவுக்கு முன்கூட்டியே வந்து நிற்பது "மாத்திரை" அல்லது "மில்லி". டாக்டர் 16 என்று அடிச்சுட்டு மாத்த மறந்தால் சீட்டில் "16 மில்லி" என்று வரும். இன்சுலின் வரியில் மில்லி என்ற சொல்லைப் பார்த்தாலே கிளினிக்குக்குப் போன் போடுங்க.

இன்னொண்ணு, மருந்துப் பட்டியலில் முதல் நாலு எழுத்து அடிச்சதும் வர்றதைத் தேர்ந்தெடுக்கறது. ஹியூமின்சுலின் ஆர், என், 30/70 மூணும் அடுத்தடுத்து நிற்கும். விரல் ஒரு வரி தவறினால் வேற இன்சுலின். போன மாசச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கற பழக்கம் கடையில் இருந்தால் இது மாட்டிக்கும். கையெழுத்துச் சீட்டில் யூனிட்டைக் குறிக்க 'U' என்று ஒத்தை எழுத்து போட்டால் அது சுழியம் மாதிரித் தெரிஞ்சு 10 என்பது 100 ஆகும். அச்சுச் சீட்டில் அந்தத் தொல்லை இல்லை, அதுக்குப் பதிலா இந்தத் தொல்லை.

கையொப்பம் சோதிக்கிறது. செல்போனில் பிடிஎஃப்பைத் திறந்தால் பெரும்பாலான செயலியில் கையொப்பம் சரியா என்று காட்டாது, வெறும் படம்தான் தெரியும். கம்ப்யூட்டரில் அடோபி ரீடரில் திறங்க. ஆதார் இ-கையொப்பமோ டிஜிட்டல் சான்றிதழோ போட்டிருந்தால் கையொப்பப் பலகம் வரும். முதல் தடவை மஞ்சள் கேள்விக்குறியோட "செல்லுபடி தெரியவில்லை" என்று காட்டும்; அது போலி என்று அர்த்தம் இல்லை. இந்தியச் சான்றிதழ் ஆணையத்தின் (சிசிஏ இந்தியா) மூலச் சான்றிதழை உங்க கம்ப்யூட்டர் நம்பலை, அவ்வளவுதான். கையொப்பத்தின் மேல் வலது கிளிக், பண்புகள், சான்றிதழைக் காட்டு, சங்கிலியின் உச்சியில் இருக்கும் சான்றிதழைத் தேர்ந்து நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து, திரும்பச் சரிபார்த்தால் பச்சை வரும். சேர்க்கிறதுக்கு முன்னாடி உச்சியில் இருக்கிறது இந்தியச் சான்றிதழ் ஆணையம்தானா என்று படிச்சுப் பாருங்க. பலகமே வரலைன்னா உள்ளே கையொப்பம் இல்லை, ஒட்டின படம். "கையொப்பத்துக்குப் பின் ஆவணம் மாற்றப்பட்டது" என்று வந்தால் அதை வாங்கக் கூடாது.

பிரிண்ட் எடுத்துட்டால் டிஜிட்டல் கையொப்பம் செத்துடும், காகிதத்தில் சோதிக்க ஒண்ணும் இருக்காது. அதனால் பிரிண்டோடு கூட மூலக் கோப்பையும் தேதி போட்ட ஃபோல்டரில் சேமிங்க. நோயாளி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாலும் அதே கதிதான், மூல பிடிஎஃப்பையே கேளுங்க.

டாக்டர் பதிவு எண்ணை மாநில மருத்துவக் கவுன்சில் வலைத்தளத்தில் தேடலாம். வழக்கமான நாலஞ்சு டாக்டருக்கு ஒரு தடவை பார்த்துப் பட்டியல் ஒட்டி வச்சால் போதும், தினமும் தேட வேண்டாம்.


மலைவாசல்:

ஒரு சந்தேகம். இணையத்தில் பார்த்தேன், இன்சுலின் போடறவங்களுக்கு மூணு மாசத்துக்கு 300 ஸ்ட்ரிப், போடாதவங்களுக்கு 100, சீட்டில் நோய்க் குறியீடும் எத்தனை தடவை சோதிக்கணும் என்பதும் இருந்தாகணும் என்று. அதுக்கு மேல் கேட்டால் கடையில் மறுக்கலாமா?


ஃபார்ம் இருபத்தொன்று:

அது அமெரிக்காவில் முதியோர் காப்பீடான மெடிகேர் பார்ட் பி காசு கொடுக்கிற அளவு. அங்கேயும் அது காப்பீட்டுக் கணக்குதான். இங்கே ஸ்ட்ரிப்புக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது, நோயாளி சொந்தக் காசில் வாங்கறார். சாஃப்ட்வேரில் நோய்க் குறியீடு அச்சாகி வந்தால் இருந்துட்டுப் போகட்டும், இல்லைன்னு சொல்லித் திருப்பாதீங்க. சோதிக்கும் தடவை எழுதியிருப்பது மட்டும் நல்ல பழக்கம், 25 டப்பாவா 50 டப்பாவா என்று அதை வச்சுத்தான் முடிவு பண்ண முடியும்.

அதேபோல அமெரிக்காவில் இருக்கிற மகன் அங்கத்து டாக்டரிடம் எழுதி வாங்கி அனுப்பின சீட்டுக்கு இங்கே இன்சுலின் கொடுக்க முடியாது. இங்கே பதிவு பெற்ற மருத்துவர் எழுதியிருக்கணும்.


சுகர் சிஸ்டர்:

தொலைமருத்துவம் பற்றி விட்டுப்போனது ஒண்ணு. அதே டாக்டரை நேரில் பார்த்து 6 மாசத்துக்குள் இருந்தால்தான் அது தொடர் ஆலோசனை. மெட்ஃபார்மின், கிளிபென்கிளமைட் மாதிரிப் பழைய மருந்தைத் திரும்ப எழுதறது அந்தத் தொலைமருத்துவ வழிகாட்டுதலின் பட்டியல் ஏ-யில் வருது. மெட்ஃபார்மினோடு சிட்டாகிளிப்டின் சேர்க்கிற மாதிரிக் கூடுதல் மருந்து பட்டியல் பி, அது தொடர் ஆலோசனையில்தான். ஆறு மாசம் தாண்டினவங்களை ஒரு தடவை கீழே வந்து டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க, காலையும் கண்ணையும் வீடியோவில் பார்க்க முடியாது. டாக்டர் சீட்டை நேரா உங்க கடைக்கே அனுப்பறதா இருந்தால் நோயாளியின் வெளிப்படையான சம்மதம் வேணும், எந்தக் கடை என்பது நோயாளி இஷ்டம். கிளினிக்கோட ஒப்பந்தம் போட்டு எல்லாச் சீட்டும் நமக்கே வர மாதிரி பண்ணிடலாம்னு யாராவது யோசனை சொன்னால் இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

மலையில் 2021 ஆகஸ்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை போகுது. தனியார் டாக்டர் சீட்டில் அதே மெட்ஃபார்மின் வேற கம்பெனிப் பேரில் இருக்கும். ரெண்டையும் சேர்த்து முழுங்கறவங்க இருக்காங்க. "வீட்டுக்கு வர்ற மாத்திரை என்னென்ன?" என்று போனில் ஒரு கேள்வி கேட்டுட்டு அனுப்புங்க.

கொண்டுபோறது: திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி. சித்திரை வெயிலில் சேலத்தில் வண்டிப் பெட்டிக்குள் மூடி வச்சால் அரைமணியில் கொதிச்சுடும், ஆனா அதைவிடப் பெரிய தப்பு உறைஞ்ச ஐஸ் பாக்கெட்டோடு ஒட்டி வைக்கிறது. உறைஞ்ச இன்சுலின் போச்சு, உருகினாலும் உதவாது. ஜெல் பாக்கெட்டைத் துணியில் சுத்தி, நடுவில் அட்டை வச்சு, தெர்மாகோல் பெட்டியில். 30/70 உருட்டினதும் ஒரே சீரா பால் மாதிரி வரணும். திட்டுத்திட்டா நின்றாலோ கண்ணாடியில் ஒட்டினாலோ வாங்காதீங்க என்று நோயாளிக்குச் சொல்லி வைங்க. போட ஆரம்பிச்ச கார்ட்ரிட்ஜ் ஃப்ரிட்ஜில் வேண்டாம், ஏற்காட்டு வீட்டில் வெயில் படாத அலமாரி போதும், பெரும்பாலானவை 28 நாள். உயரத்தால் மீட்டர் தப்பாக் காட்டுமா என்று மேலே இருக்கிறவங்க கேட்பாங்க. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர், ஸ்ட்ரிப் பெட்டிகளில் போட்டிருக்கும் வரம்பு பொதுவா அதைவிட ரொம்ப மேலே. மார்கழிக் குளிரில் விடியக்காலை மீட்டர் வெப்பநிலைக் குறி காட்டி நின்னுடும், அது வேற. கொஞ்ச நேரம் மடியில் வச்சுட்டுப் போட்டால் வேலை செய்யும்.


அடிவாரத்தான்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். அந்தச் சீட்டைக் கிளினிக்குக்குத் திருப்பி அனுப்பிட்டேன். இனிமே இப்படி எழுதித் தரச் சொல்லி மாதிரி ஒண்ணு அனுப்பப் போறேன். தப்பு இருந்தால் சொல்லுங்க:

"ஹியூமின்சுலின் 30/70 கார்ட்ரிட்ஜ், மில்லிக்கு 100 யூனிட், 3 மில்லி. ஹியூமாபென் பேனாவுக்கு. காலை 16 யூனிட், இரவு 10 யூனிட், சாப்பாட்டுக்கு அரைமணி முன். மொத்தம் 4 கார்ட்ரிட்ஜ். பேனா ஊசி 4 மில்லிமீட்டர், 32 கேஜ், 60. அக்யூசெக் இன்ஸ்டன்ட் ஸ்ட்ரிப் 50, வாரம் 3 நாள், நாளைக்கு 2 தடவை. 3 மாதத்துக்குக் கொடுக்கலாம்."

கூடவே நோயாளி முழு முகவரி, டாக்டர் பதிவு எண், தேதி.


சுகர் சிஸ்டர்:

கடைசி வரியை மாத்துங்க. "3 மாதத்துக்குக் கொடுக்கலாம்" என்றால் 4 கார்ட்ரிட்ஜை மூணு மாசத்துக்கா, மாசம் 4 வீதமா? "30 நாளுக்கு ஒருமுறை, 3 முறை கொடுக்கலாம்" என்று எழுதச் சொல்லுங்க. ஸ்ட்ரிப் வரிக்கு இது பொருந்தாது, 50 டப்பா மாசாமாசம் தீராது. அதைத் தனி வரியா "2 மாதத்துக்கு ஒரு டப்பா" என்று போடுங்க. லான்செட் விட்டுட்டீங்க.


அடிவாரத்தான்:

ஆமாங்க, லான்செட் விட்டுப்போச்சு. 50 ஸ்ட்ரிப்புக்கு 50 என்று சேர்த்துடறேன். லான்செட் மாட்டிக் குத்துற பேனா எந்த மாடல் என்று கேட்டு அதையும் எழுதச் சொல்றேன்.